வேலை போன பிறகு வரவேண்டிய பணமும், வாட்ஸப்பில் வரும் ‘கன்சல்டன்ட்’டும்

கேள்வி: ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வழியாக ஆறு வருடம் வேலை பார்த்தேன். நடுவில் கான்ட்ராக்டர் மாறினார், ஆனால் வேலை அதே லைனில்தான். சம்பளம் 18,000 ரூபாய். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. ஜனவரி 9ஆம் தேதி ஆர்டர் இல்லை என்று சொல்லி எங்கள் ஷிஃப்டில் நிறையப் பேரை நிறுத்திவிட்டார்கள். ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதற்கிடையில் வாட்ஸப்பில் ஒரு ‘பிஎஃப் கன்சல்டன்ட்’ பேசினார். பிஎஃப் பணம் 1,60,000 ரூபாயை எடுத்துத் தருவதோடு, மத்திய அரசின் வேலையின்மை உதவித்தொகை மாதம் 6,000 ரூபாயும் வாங்கித் தருகிறேன் என்றார். 12 சதவீதம் கமிஷன், முன்பணம் 1,500. பணத்தை அனுப்பிவிட்டேன். ஆதார் இரண்டு பக்கமும், பாஸ்புக் முதல் பக்கமும் அனுப்பினேன். ஒரு தடவை வந்த ஓடிபியையும் சொல்லிவிட்டேன். இப்போது ‘ஃபைல் சார்ஜ்’ என்று இன்னும் 4,800 கேட்கிறார். பணம் இல்லை என்றதும், வங்கிக் கணக்கை மூன்று மாதம் வாடகைக்குக் கொடுத்தால் மாதம் 8,000 தருவதாக ஒருவரை அறிமுகம் செய்கிறார். மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். இதுவரை இஎஸ்ஐயில்தான் காட்டினோம். இனி அங்கே பார்ப்பார்களா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம். அந்த 4,800 ரூபாயை அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். அதை அப்படியே விட்டுவைங்கள். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சில வேலைகளை இன்றே செய்ய வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் சொன்ன ஓடிபி எதற்கு வந்தது என்று முதலில் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பிஎஃப் அலுவலகத்திலிருந்து வந்ததென்றால், உங்கள் யூஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) கணக்கின் கடவுச்சொல்லை அவர் மாற்றியிருக்கலாம். உடனே நீங்களே ஈபிஎஃப்ஓ (பிஎஃப்பை நடத்தும் அமைப்பு) உறுப்பினர் போர்ட்டலுக்குள் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். உள்ளே கேஒய்சி என்ற அடையாள விவரப் பகுதியில் வங்கிக் கணக்கு எண் உங்களுடையதுதானா, மொபைல் எண் மாறியிருக்கிறதா, உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது கிளெய்ம் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் பிஎஃப் மண்டல அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஈபிஎஃப்ஓவின் குறைதீர்ப்புத் தளத்திலும் பதிவு செய்யுங்கள். ஓடிபி வங்கியிலிருந்து வந்ததென்றால் வங்கிக்குப் போன் செய்து கார்டையும் நெட்பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆதாரிலிருந்து வந்திருந்தால் ஆதார் இணையதளத்தில் உங்கள் எண் எங்கெல்லாம், எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது, அதைப் பாருங்கள். வாட்ஸப்பின் ஓடிபி என்றால், அவர் உங்கள் வாட்ஸப்பைத் தன் போனில் திறக்கப் பார்த்திருக்கிறார். உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்து, இரண்டடுக்குப் பாதுகாப்புப் பின்னை வைத்துவிடுங்கள்.

ஆதார் நகல் அவரிடம் போய்விட்டது. திரும்ப வாங்க முடியாது. ஆனால் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். எம்ஆதார் செயலியிலோ ஆதார் இணையதளத்திலோ பயோமெட்ரிக் பூட்டு என்ற வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால், கைரேகையை வைத்து மைக்ரோ ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வேலை நடக்காது. உங்களுக்கே ரேகை வைக்க வேண்டி வரும்போது திறந்துகொள்ளலாம். அப்புறம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க முடியும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது இல்லை’ என்று சொல்லிவிடலாம். இனி யாருக்காவது ஆதார் கொடுக்க வேண்டி வந்தால், முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை இறக்கிக் கொடுங்கள்.

1,500 ரூபாய்தானே போனது என்று விட்டுவிடாதீர்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்யுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் அவருடைய கணக்கிலேயே இருந்தால் நிறுத்தி வைக்க வழி உண்டு. நேரம் ஆக ஆக அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும். அதே கணக்கின் மேல் இன்னும் பலர் புகார் கொடுத்திருக்கவும் கூடும், அதில் உங்களுடையதும் சேரட்டும். சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட், அவர் எண், பணம் போன யூபிஐ விவரம், நேரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ‘ஃபைலைப் பாதியில் விட்டால் உங்கள் பிஎஃப் பிளாக் ஆகிவிடும், கேஸ் வரும்’ என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். உங்கள் பிஎஃப்பை முடக்க எந்த ஏஜென்டுக்கும் அதிகாரம் கிடையாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஓடிபியைச் சொந்த வாயால் சொல்லிய பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால், புகார் கொடுக்கும் நேரம் வரைக்குமான இழப்பு வாடிக்கையாளருடையது என்பதுதான் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் வருடச் சுற்றறிக்கை. புகார் கொடுத்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, அந்த மாதம் 6,000 ரூபாய். அப்படி ஒரு மத்திய அரசுத் திட்டம் கிடையாது. ‘பிரதான் மந்திரி பேரோஜ்காரி பத்தா யோஜனா’ என்ற பெயரில் 3,500, 6,000 என்று தொகை மாறி மாறி இந்தச் செய்தி வருடக்கணக்காக வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது பொய் என்று அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே அறிவித்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் வேலையில்லா இளைஞர் உதவித்தொகை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானத்துக்கும் வயதுக்கும் வரம்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்குக் கிடைப்பது மாதம் 400 ரூபாய், பட்டதாரிக்கு 600. நிஜமான உதவித்தொகை எந்த அளவில் இருக்கிறது என்று இதிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

இந்த நாட்டில் தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு வேலை போனால் வரும் உதவி ஏறக்குறைய முழுவதும் அவரே கட்டிய காப்பீட்டிலிருந்தும் சேமிப்பிலிருந்தும்தான் வருகிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். தானாகத் தேடி வராது. கேட்பதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் நீங்கள் வேலையை விட்ட தேதியும் காரணமும் பதிவேட்டில் எப்படி ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அத்தனையும் முடிவாகும். வாட்ஸப் ஆசாமி பறித்த 1,500 ரூபாயைவிட, உங்கள் கான்ட்ராக்டர் நீட்டும் அந்த ஒற்றைக் காகிதம் உங்களுக்குப் பெரிய நஷ்டத்தைக் கொடுக்கக்கூடும் என்று நான் சொல்வது அதனால்தான்.

‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் சட்டப்படி அது ராஜினாமா. வேலை இல்லை என்று அவர்கள் நிறுத்தினால் அது ஆட்குறைப்பு. ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டும் போச்சு. இஎஸ்ஐ பக்கமும் இழப்பு உண்டு. மாதச் சந்தா விவரம் ஏற்றும்போது, ஒருவர் ஏன் வேலையில் இல்லை என்பதற்கு முதலாளி ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ‘வேலையை விட்டார்’ என்பது ஒன்று, ‘ஆட்குறைப்பு’ என்பது தனி ஒன்று. எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது பின்னால் உங்கள் மனுவைப் பார்க்கும் அதிகாரியின் கண்ணில் படும்.

அவர்கள் ‘செட்டில்மென்ட்’ என்று காட்டி இழுப்பது பெரும்பாலும் உங்கள் சம்பளப் பாக்கியும் விடுப்புப் பணமும்தான். சம்பளப் பாக்கி நீங்கள் ராஜினாமா செய்தாலும் வர வேண்டியதே, நிறுத்தினாலும் வர வேண்டியதே. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்டாலோ ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ விலகினாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆக, உங்களுக்கு ஏற்கெனவே சொந்தமான பணத்தைக் காட்டி, இன்னொரு பணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது சண்டை இல்லை, ஒரு கடிதம். ‘ஜனவரி 9ஆம் தேதி முதல் வேலை இல்லை என்று சொல்லி என்னை நிறுத்தினீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. வேலை கொடுத்தால் வரத் தயாராக இருக்கிறேன். வேலை இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். சம்பளப் பாக்கியையும் இழப்பீட்டையும் தாருங்கள்’ என்று நாலு வரி. கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள், நகலைக் கம்பெனிக்கும் அனுப்புங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஷிஃப்ட் அட்டவணை வந்த வாட்ஸப் குழு, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்ற மெசேஜ், எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். பதில் வரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். தனி ஆளாகவே கொடுக்கலாம், சங்கம் இருக்க வேண்டியதில்லை. நிறுத்தப்பட்டவர்கள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைக் கொடுத்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கான்ட்ராக்டர் மாறியதை வைத்து ‘உங்கள் சர்வீஸ் எங்களிடம் மூன்று வருடம்தான்’ என்று இழப்பீட்டிலும் கிராஜுவிட்டியிலும் (பணிக்கொடை) குறைக்கப் பார்ப்பார்கள். அதே லைன், அதே வேலை, ஆள் மட்டும் மாறினார் என்றால் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் காகிதங்களைப் பார்க்காமல் நான் உறுதி சொல்வது சரியாக இருக்காது. அந்த ஒரு விஷயத்துக்காகவாவது சட்ட உதவி வக்கீலை நேரில் பாருங்கள்.

இனி இஎஸ்ஐ. வேலை போனவர்களுக்கு இஎஸ்ஐயில் பணம் உண்டு என்பதே என்னைப் பார்க்க வருகிற பலருக்குத் தெரிவதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருகிறார்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். இதை ஆஸ்பத்திரிப் பணம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் 2018 ஜூலையில் வந்தது. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக ஆக்கினார்கள். வாழ்நாளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாளுக்கு. வேலை போவதற்கு முன்னால் இரண்டு வருடம் இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். கடைசிச் சந்தாக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று சந்தாக் காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தாக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஆறு வருடம் விடாமல் வேலை பார்த்த உங்களுக்கு, கான்ட்ராக்டர் ஒழுங்காகக் கட்டியிருந்தால், இந்த நிபந்தனைகள் தடையாக இருக்காது.

கணக்கு இப்படி: நான்கு சந்தாக் காலத்தில், அதாவது இரண்டு வருடத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுப்பார்கள். மாதம் 18,000 என்றால் இரண்டு வருடத்துக்கு 4,32,000. நாளொன்றுக்கு 592 ரூபாய் வரும். அதில் பாதி 296. தொண்ணூறு நாளுக்குச் சுமார் 26,600 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வாடகையும் அரிசி பருப்பும் ஓடும்.

வேலை போய் 30 நாள் ஆன பிறகு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அது பிப்ரவரி இரண்டாம் வாரம். முன்பெல்லாம் 90 நாள் காத்திருக்க வேண்டும், மனுவும் முதலாளி வழியாகப் போக வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இஎஸ்ஐ தளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து நீங்களே போடலாம், ஆதார் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் வராது என்றால் உங்கள் ஊருக்கான இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இது காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், உங்கள் தேதிக்கு அமலில் இருக்கிறதா என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் இது கிடையாது. நீங்களே விலகியதாக எழுதிக் கொடுத்திருந்தால், இந்த இடத்தில்தான் கேள்வி கிளம்பும்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005 ஏப்ரலில் தொடங்கியது. தொழிற்சாலை மூடப்பட்டோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்கு, முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். வாங்கும் காலத்தில் மருத்துவமும் உண்டு. இதற்கு ஆட்குறைப்பு என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். தொண்ணூறு நாளோடு முடிகிற உதவிக்கும் இரண்டு வருடம் வரை போகக்கூடிய உதவிக்கும் நடுவில் நிற்பது அந்த ராஜினாமாக் கடிதம்தான். கிளை அலுவலகத்துக்குப் போகும்போது இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்றால் கிளை மேலாளரைப் பாருங்கள். அங்கும் பதில் கிடைக்காவிட்டால் மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக வரும் மறுப்பை எதிர்த்து மேலே போக முடியாது, எழுத்தில் வந்தால் போகலாம்.

பிஎஃப் விஷயத்துக்கு வருகிறேன். 1,60,000 ரூபாயில் 12 சதவீதம் என்றால் 19,200. உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம், அதுவும் உங்கள் போனிலேயே அரசின் உமங் செயலியில் செய்யக்கூடிய வேலைக்கு. ஏஜென்டுகளில் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். படிவம் நிரப்பித் தந்து நூறு இருநூறு வாங்கிக்கொள்ளும் பிரவுசிங் சென்டர்காரர் ஒரு சேவைதான் செய்கிறார். சதவீதம் கேட்பவர் வேறு ரகம். மொத்தத் தொகை பெரிதாக இருந்தால்தான் அவருக்கு லாபம். அதனால் உங்களுக்குத் தேவையோ இல்லையோ, பிஎஃப் பணத்துக்கான படிவம் 19ஐயும் ஓய்வூதியப் பணத்துக்கான 10சியையும் சேர்த்தே போட்டுக் கணக்கை முடித்துவிடுவார். சில பேர் பணம் சீக்கிரம் வருவதற்காக ‘நோய்’ என்று பொய்க் காரணத்தை டிக் செய்கிறார்கள். அது அவர் சொன்ன பொய்யாக இருக்காது. உங்கள் யூஏஎன்னிலிருந்து போன பொய்யாகத்தான் இருக்கும்.

போர்ட்டலில் முதலில் பாஸ்புக்கைத் திறந்து, ஆறு வருடமும் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட கான்ட்ராக்டர்கள் உண்டு. அப்படி மாதங்கள் விடுபட்டிருந்தால், கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் பிஎஃப்புக்கும் இஎஸ்ஐக்கும் கடைசிப் பொறுப்பு வேலை வாங்கிய முதன்மைக் கம்பெனிக்கு உண்டு என்பதை மனதில் வைத்துப் புகார் கொடுங்கள். அடுத்து, கான்ட்ராக்டர் மாறியதால் உங்கள் யூஏஎன்னின் கீழ் இரண்டு உறுப்பினர் எண் இருக்கும். சில சமயம் யூஏஎன்னே இரண்டாக இருக்கும். பழையதைப் புதியதோடு மாற்றிச் சேர்த்த பிறகே பணம் எடுங்கள். சேர்த்தால் உங்கள் சர்வீஸ் ஐந்து வருடத்தைத் தாண்டும். சேர்க்காமல், ஐந்து வருடத்துக்குக் குறைந்த கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால், பான் எண் இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் இணைக்காவிட்டால் இன்னும் அதிகம்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதில் விதி மாறிக்கொண்டிருக்கிறது. 2018 டிசம்பர் முதல் இருந்த முறைப்படி, ஒரு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் மீதியும். 2025 அக்டோபரில் கூடிய ஈபிஎஃப்ஓ அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது: 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், ஓய்வூதியப் பகுதியை எடுக்க 36 மாதம். நீங்கள் விண்ணப்பிக்கிற அன்று போர்ட்டல் எதை அனுமதிக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும் விதி. கணக்கை முழுதாக முடிக்க வேலையை விட்ட தேதி ஏறியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் அந்தத் தேதியைப் போட முடியும். அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தேதியை மட்டும் யோசித்துப் போடுங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு.

முழுப் பணத்தையும் எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. இஎஸ்ஐ உதவி வந்தால் அது எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு, பற்றாக்குறைக்கு மட்டும் பிஎஃப்பைத் தொடுங்கள். ஓய்வூதியப் பகுதியை எடுக்கவே எடுக்காதீர்கள். உங்களுக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. பத்து வருடம் ஆனால் 58 வயதுக்கு மேல் மாத ஓய்வூதியம் உண்டு. இன்னும் நாலு வருடம் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும், அதே யூஏஎன்னைக் கொடுத்துப் பழையதைச் சேர்த்துவிட்டால் கணக்கு தொடரும். இப்போது எடுத்தால் கையில் வருவது சொற்பம், ஆறு வருடக் கணக்கும் அழிந்துவிடும்.

வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பதைப் பற்றி. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உங்களைப் போலவே இன்னொருவரிடம் ஏமாற்றிப் பறிக்கும் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். பறிகொடுத்தவர் 1930க்குப் போன் செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. ‘எனக்குத் தெரியாது, வாடகைக்குத்தான் விட்டேன்’ என்று சொன்னால், வாடகை வாங்கியதை நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகும். கணக்கு முடக்கப்படும், உங்கள் இஎஸ்ஐ பணமும் பிஎஃப் பணமும் வர வேண்டியது அதே கணக்குக்குத்தான். பாஸ்புக் நகலை ஏற்கெனவே அனுப்பியிருப்பதால், உங்களுக்குத் தெரியாத பணம் ஏதாவது கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் தொடாதீர்கள். யாராவது போன் செய்து ‘தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று கேட்டாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம். வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் வழியாகவே போகட்டும்.

நீங்கள் இஎஸ்ஐ, பிஎஃப் மனுக்களைப் போட்ட பிறகும் இப்படிப்பட்ட போன்கள் வரும். ‘உங்கள் கிளெய்ம் ரிஜெக்ட் ஆகிவிட்டது, இந்த ஆப்பைப் போடுங்கள்’ என்று ஏபிகே ஃபைல் அனுப்புவார்கள், அல்லது உங்கள் திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். நிஜமாகவே கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் காரணம் போர்ட்டலில் உங்கள் கணக்குக்குள்ளேயே எழுதியிருக்கும். திருத்தி மறுபடி போடக் காசு கிடையாது. பெயர் எழுத்துப் பிழை, பிறந்த தேதி பொருந்தாதது, வங்கிக் கணக்கு ஒப்புதல் ஆகாதது, பெரும்பாலும் இவைதான் இருக்கும். சந்தேகம் வந்தால் வந்த எண்ணைத் திரும்ப அழைக்காமல், ஈபிஎஃப்ஓவின் 14470க்கோ இஎஸ்ஐயின் 1800-11-2526க்கோ நீங்களே போன் செய்யுங்கள். தேடுபொறியில் ‘பிஎஃப் ஹெல்ப்லைன்’ என்று அடித்து முதலில் வரும் எண்ணை எடுக்காதீர்கள், அங்கேயும் இவர்கள் விளம்பரம் கொடுத்து வைக்கிறார்கள். தளத்தின் முகவரி ‘ஜி-ஓ-வி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த எழுத்துகள் நடுவில் எங்கோ இருந்தால் போதாது.

கடைசியாக உங்கள் மனைவியின் சிகிச்சை. வேலை போன அன்றே இஎஸ்ஐ மருத்துவம் நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் ஜனவரி 9 வரை நீங்கள் வேலையில் இருந்த நாட்கள் 78ஐத் தாண்டுவதால், அதற்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஐந்து மாதம் என்கிறீர்கள், பிரசவம் இந்தக் காலத்துக்குள்ளேயே வந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு குழந்தைக்கான சிகிச்சையும் டிசம்பர் வரை அதில் அடங்கும். டிஸ்பென்சரியில் ‘வேலையில் இல்லையே’ என்று யாராவது திருப்பி அனுப்பினால், பலன் காலம் எதுவரை என்று கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். கிளை அலுவலகத்துக்கு அடல் திட்டத்துக்காகப் போகும் அன்றே, மனைவியின் பெயரும் ஆதாரும் உங்கள் காப்பீட்டு எண்ணில் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். டிஸ்பென்சரியில் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கி, பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்றால் சென்னை கே.கே. நகரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.